நாலாவது பெயர்

காலைப் பேப்பரை மடித்து மேசையில் போட்ட இசைவாணி, இஸ்திரி போட்டு வைத்திருந்த பட்டுப் புடவையை மீண்டும் பீரோவுக்குள் வைத்தாள்.

"நாளைக்கு இன்டர்வியூவுக்கு நான் போகல."

பல் துலக்கிக்கொண்டிருந்த தென்னரசு வாயில் நுரையோடு திரும்பினான்.

"இன்னாச்சு வாணி?"

"உங்க நியூஸை நீங்களே படிங்க. எங்க காலேஜுக்கு அடுத்த முதல்வர் யாரு, போட்டியில மூணு பேருன்னு எழுதியிருக்கீங்க. மூணு பேர் போட்டோவும் சூப்பரா வந்திருக்குது."

போட்டியில் இருந்தது நான்கு பேர். நான்காவது ஆள், திண்டிவனத்தில் அந்தத் தனியார் கல்லூரியில் பதினெட்டு ஆண்டுகளாக வேதியியல் நடத்தும் இசைவாணி.

1993இல் விழுப்புரத்தில் நிருபராகச் சேர்ந்ததிலிருந்து தென்னரசுக்குக் கல்லூரிச் செய்திகள்தான் பிழைப்பு. துணைவேந்தர் நியமனம், முதல்வர் மாற்றம், ஆட்சிக்குழுச் சண்டை எதையும் விட்டதில்லை. முதன்முதலில் அவன் பேட்டி எடுக்கப் போன கல்லூரி முதல்வர் அவனை வெகுநேரம் வெளியே காக்கவைத்தபோது, பாவம் பார்த்துத் தன் பிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்த புது விரிவுரையாளர்தான் இவள். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். கல்லூரியில் நடப்பதை அவள் சொல்லமாட்டாள், அவனும் கேட்கமாட்டான்.

"பொண்டாட்டி பேரை நானே எழுதினா நாலு பேர் இன்னா பேசுவாங்க?"

"உங்க பேரு கெடக்கூடாதுன்னு என் பேரை எடுத்துட்டீங்க. இன்டர்வியூல உக்காந்துகினு இருக்கறவங்க இன்னா நெனைப்பாங்க? புருஷனே இவளை ஒரு ஆளா மதிக்கலன்னுதானே?"

எத்தனையோ பேருடைய நாற்காலி ஆசையை எழுதியவன், இவளுக்கு அந்த ஆசை எவ்வளவு என்று ஒருநாளும் கேட்டதில்லை. அதுவும் அந்த வழக்கத்தில் சேர்ந்துபோயிருந்தது.

விழுப்புரம் அலுவலகத்துக்குப் போனதும் செய்திப் பொறுப்பாளர் கோதண்டபாணியிடம் ஒரு திருத்தத்தை நீட்டினான். படித்தவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"யோவ், வீட்டுக்காரம்மாவையா விட்டுட்ட? உன்னோட பேஜாருய்யா! சரி, கடைசி வரி எதுக்கு? தூக்கிடலாமா?"

"அதுதான் சார் முக்கியம். இருக்கட்டும்."

மறுநாள் விடிந்ததும் வாசலில் விழுந்த பேப்பரை இசைவாணிதான் எடுத்தாள். மூன்றாம் பக்கத்தின் அடியில் இருந்தது: 'முதல்வர் பதவிக்கான போட்டியில் வேதியியல் பேராசிரியர் முனைவர் இசைவாணியும் இருக்கிறார். நேற்றைய செய்தியில் அவர் பெயரை விட்டது தவறு. அவர், இந்தச் செய்தியை எழுதிய நிருபரின் மனைவி.'

சமையலறையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்த தென்னரசுக்கு, பீரோக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

கல்லூரி நிர்வாகத்தின் சென்னை அலுவலகத்தில்தான் இன்டர்வியூ. பைபாஸில் சென்னை பஸ் வந்து நின்றது. ஜன்னலோர இருக்கையில் அவளை உட்காரவைத்துவிட்டு இறங்கியவன், கீழே நின்று அண்ணாந்து பார்த்தான்.

"முடிஞ்சதும் போன் பண்ணு வாணி. இன்னா கேட்டாங்கன்னு சொல்லு."

"பேப்பர்காரங்களுக்கு நான் எதுவும் சொல்றதில்லைங்க."

"புருஷனுக்கு?"

பஸ் நகர்ந்தது. பட்டுப் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு அவள் எட்டிப் பார்த்தாள்.

"அவருக்கு வந்து சொல்றேன். ராத்திரிக்குச் சோறு வடிச்சு வெக்கச் சொல்லுங்க!"