படிவத்தில் இல்லாத கேள்வி

1

இந்தக் கதை ஒரு கடிதமாகத்தான் தொடங்கியது. நாலாம் வகுப்பில் படிக்கும் என் தங்கை மகளைக் கவனம் சிதறும் பிள்ளைகளுக்கான தனி வகுப்புக்கு மாற்றச் சம்மதம் கேட்டுப் பள்ளியிலிருந்து ஒரு படிவம் வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வேண்டுமாம். "அண்ணா, ஊருக்கெல்லாம் நீதானே லெட்டர் எழுதுவே. அவ இப்ப இருக்கிற கிளாஸ்லயே இருக்கட்டும்னு ஒண்ணு எழுதிக் குடு" என்றாள் தங்கை. தேதி, பொருள், பார்வை எல்லாம் முறையாகப் போட்டேன். அதற்கப்புறம் கடிதம் என் பேச்சைக் கேட்கவில்லை.

2

முதல் தொடக்கம்: சிறுமி ஜன்னலுக்கு வெளியே பறவைகளை...

(அடித்துவிட்டேன். இந்த மாதிரிப் பிள்ளைகளை எல்லாக் கதையிலும் ஜன்னலோரமாக உட்கார வைத்துவிடுகிறோம். இவள் எந்த ஓரத்திலும் உட்காருவதில்லை. வீட்டில் இவள் பெயர் பம்பரம்.)

இரண்டாம் தொடக்கம்: கல்நெஞ்சுக்கார ஆசிரியை...

(இதுவும் சரிவரவில்லை. நேரில் போய்ப் பார்த்தேன். நாற்பத்திரண்டு பிள்ளைகள், ஒரே மின்விசிறி, தொண்டை கட்டிய குரல். "சார், இவ ஒருத்தி எழுந்தா மொத்த கிளாஸும் எழுந்துக்குது. நான் என்னதான் சார் பண்ணுவேன்?" எனக்குப் பதில் தெரிந்திருந்தால் அல்லவா அவரை வில்லியாக்கலாம்!)

3

படிவத்தில் பதினோரு கேள்விகள். உட்காருவாளா? வரிசையில் நிற்பாளா? கூப்பிட்டதும் திரும்புவாளா? பாடம் புரிகிறதா என்று மருந்துக்குக்கூட ஒரு கேள்வி இல்லை.*

*இரண்டு முறை தேடினேன். பின்பக்கம் வெறும் வெள்ளை.

3

எரிச்சலாக வருகிறது. படிவத்தோடு வந்த குறிப்பில் 'கவனம் போதாது' என்று எழுதியவர் பிள்ளையின் இனிஷியலையே தப்பாகப் போட்டிருக்கிறார். இதை எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது?

4

இதுவரை எழுதியதை, எண்களையும் விடாமல், தங்கைக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். பம்பரம் மேஜையைச் சுற்றி நொண்டியடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு நிமிஷம் உக்காந்து தொலையேன்!"

கத்தியது ஆசிரியை இல்லை. நான்.

அவள் நிற்காமலே சொன்னாள்: "மாமா, மூணு ரெண்டு வாட்டி வந்துச்சு."

"எந்த மூணு?"

"நம்பர் மாமா. ஃபாரத்துக்கும் மூணு, எரிச்சலுக்கும் மூணு."

தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். முப்பது வருஷமாக எண் போட்டுக் கடிதம் எழுதுகிறவன் நான். அசையாமல் உட்கார்ந்துதான் இதையும் எழுதினேன்.

மகிழ்ச்சியான முடிவு: கடிதத்தைப் படித்த தலைமையாசிரியை கண் கலங்கி... (நடக்கிற காரியமா?) சோகமான முடிவு: தங்கை பேனாவை எடுத்து... (மனசு வரவில்லை.)

எண்ணைத் திருத்தாமல் அப்படியே அனுப்புகிறேன். கீழே ஒரு வரி மட்டும் சேர்த்திருக்கிறேன்: 'இதில் ஒரு பிழை இருக்கிறது. நொண்டியடித்துக்கொண்டே கேட்ட தங்கள் மாணவி கண்டுபிடித்துவிட்டாள்.'

நாளை வெள்ளிக்கிழமை. படிவம் இன்னும் மேஜைமேல் காலியாகக் கிடக்கிறது. என்ன ஆகும் என்று என்னைக் கேட்காதீர்கள். நீங்களும் உட்கார்ந்துதானே படித்தீர்கள்? அவள் சொல்வதற்கு முன்பே அந்த இரண்டாவது மூன்று உங்கள் கண்ணில் பட்டிருந்தால், வாருங்கள், கையெழுத்தை நீங்களே போடுங்கள்.