ஜனாஸாவுக்கு முன் கூடிய கூட்டம்

செய்னுதீன் ஹாஜியார் மௌத்தான காலை எனக்கு முதலில் டெலிபோன் பண்ணியவன் ரஸீன்தான்.

"நிஸ்தார், மையித்தைக் குளிப்பாட்ட உன்னை விட்டால் ஆர் இருக்கினம்? நீ அதைப் பார். மற்றதெல்லாம் நான் பாக்கிறன்."

மற்றதெல்லாம் என்றால் என்னவென்று நான் கேட்கவில்லை. சுத்த மடையன் நான்.

ரஸீனும் நானும் எண்பத்து நாலில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளிக்கிட்டு ஒரே விமானத்தில் லண்டன் வந்தவர்கள். லண்டனின் கிழக்கே பார்க்கிங் என்ற ஊரில் மூன்று வருடம் ஒரே அறையில் படுத்தவர்கள். அங்கே ஒரு வாடகை மண்டபத்தில் எங்கள் ஜமாஅத்துக்கு ஹாஜியார்தான் தொழுவித்து வந்தார். போன பெருநாளன்று எல்லோர் முன்னாலும் என் கையைப் பிடித்து, "எனக்குப் பிறகு இவர்தான் இமாம்," என்றார். முதலில் வந்து என்னைக் கட்டிப்பிடித்தவனும் ரஸீன்தான்.

ஹாஜியாரின் மருமகன் ஜவ்பர் தண்ணீர் வார்க்க, நான் வலப்பக்கத்திலிருந்து கழுவினேன். கடைசித் தண்ணீரில் கற்பூரம் கரைத்தோம். அவர் தோளில் ஒரு பழைய தழும்பு இருந்தது. எட்டு வருடம் பக்கத்தில் நின்று தொழுத எனக்கு அது தெரியாது. வாய்விட்டு அழுதேன்.

கபன் துணி சுற்றி, அடக்கம் செய்ய மையவாடிக்குக் கொண்டுபோனபோது ரஸீன் தலைமாட்டில் ஜனாஸாத் தொழுகையைத் தொழுவிக்கத் தயாராக நின்றான். பின்னால் மூன்று வரிசை. யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"காலமை மண்டபத்தில கூடினம். என்னை இமாமாப் போட்டிட்டினம்," என்றான்.

"நான் இல்லாமலோ?"

"நீ மையித்தோட நிண்டாய்."

"என்னை அங்க அனுப்பினதே நீதானே."

"பொறுத்தால் எங்கட ஜமாஅத்தில இருக்கிற மன்னார் ஆக்கள் தங்கட ஆளைப் போட்டிருப்பினம். நாங்கள் மொத்தம் நாப்பத்தாறு ஆம்பிளையள். உடைஞ்சால் ஜும்ஆவுக்கு நாப்பது பேர் சேராது."

எங்கள் மத்ஹபின் சட்டப்படி நாற்பது ஆண்கள் இல்லாமல் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை செல்லாது. அவன் சொன்னது சரிதான். சரியாக இருந்ததுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

நபியவர்கள் மறைந்து, அவர்களின் மருமகன் ஹஸ்ரத் அலி ஜனாஸா வேலையில் இருந்தபோது மதீனாவில் மற்றவர்கள் கூடி, அவர் இல்லாமலே தலைவரைத் தெரிவு செய்த கதையை ஞாயிறு வகுப்பில் நான் எத்தனை தரம் படிப்பித்திருப்பேன். ஊர் பிளவுபடும் என்ற பயத்தில் அவசரப்பட்டார்கள், யார் மீதும் குற்றமில்லை என்று ஒரு மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். மையித்துப் பக்கம் நின்றவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

ஹாஜியாருக்காக ரஸீனுக்குப் பின்னால் நின்று தொழுதேன். அவனுக்கு ஸலாம் சொல்லாமல் வந்துவிட்டேன்.

"ஹஸ்ரத் அலி பொறுத்தாங்கதானே," என்றாள் என் மனைவி ஸுஹைதா.

"நான் அவரில்லை."

வெள்ளிக்கிழமை என் வீட்டு முன்னறையில் சோபாவை ஒதுக்கி, தொழுவதற்குப் படங்கு விரித்தேன். என்னோடு சேர்த்துப் பதினொரு பேர். ஜவ்பர் கடைசியாக வந்து வாசலிலேயே நின்றார்.

"அங்க முப்பத்தஞ்சு, இஞ்ச பதினொண்டு. ரெண்டு இடத்திலயும் இண்டைக்கு ஜும்ஆ இல்லை, நிஸ்தார் நானா. வாங்கோ, போவம். மாமா இருந்தால் அழுதிருப்பார்."

"தெரியும்," என்றேன்.

தெரிந்துகொண்டேதான் முன்னால் போய் நின்று, ஜும்ஆவுக்குப் பதில் எந்த நாளும் தொழும் வெறும் லுஹர் தொழுகையைத் தொழுவித்தேன். வெட்கப்பட்டிருக்க வேண்டும். ரஸீனுக்கும் இன்றைக்கு ஜும்ஆ இல்லை என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.