கழற்றிக் கொடுத்த முன்சக்கரம்

மலையேறும் சைக்கிள்காரனுக்கு எடை என்றால் பைத்தியம். ஏற்றம் தொடங்கும் முன் பாட்டில் தண்ணீரைக் கொட்டிவிடுவோம், சட்டைப்பையில் மிச்சமிருக்கும் கொய்யா மிட்டாயை வேலியோரம் நிற்கிறவர்களிடம் வீசிவிடுவோம். இதெல்லாம் சில்லறை. சக்கரத்தில் குறையும் நூறு கிராம்தான் பெரிது. அதைத் தூக்கவும் வேண்டும், சுற்றவும் வேண்டும். எங்கள் பொயாக்கா மலைநாட்டில் உருளைக்கிழங்கு விற்கிறவனுக்குக்கூட இது தெரியும். இறக்கத்தை நினைத்து யாரும் சக்கரம் தேர்ந்தெடுத்து நான் பார்த்ததில்லை. நானும் அதே மடையன்தான்.

அந்தப் பந்தயத்தன்று காலை எங்கள் அணி வேனுக்குப் பக்கத்தில் எனக்காக இரண்டு ஜோடிச் சக்கரங்கள் இருந்தன. ஒன்று அலுமினியம், முரட்டு எடை. இன்னொன்று கார்பன், அதைவிட அரைக் கிலோ குறைவு. போன வருடத்துப் பழசு. புது கார்பன் ஜோடி எங்கள் தலைவன் யெசித் திபாதுய்ஸாவுக்குப் போய்விட்டது.

"மேல உச்சியில முதல் பத்துப் பேருக்குள்ள வா, அடுத்த வருஷ டீம் லிஸ்ட்ல உன் பேரு இருக்கும்" என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார். "இல்லன்னா உங்கப்பாகூடக் கிழங்கு தோண்டப் போ."

மெக்கானிக் தோன் எலியேசருக்கு இரண்டு கண்ணிலும் புரை. கையால் தடவியே ஸ்போக்ஸ் முறுக்குவார். கார்பனை என்னிடம் நீட்டினார்.

"சக்கரம் உன்னுது, விரலும் உன்னுது. தடவிப் பாத்து நீயே சொல்லு தம்பி. பொடி விரிசல் எல்லாம் எனக்கு இப்பத் தெரியறதில்ல."

தடவினேன். முன்சக்கரத்தில், காற்றடிக்கும் துளைக்குப் பக்கத்தில், வலது கட்டைவிரல் நகம் மாட்டியது. சுண்டிப் பார்த்தேன். மற்ற இடமெல்லாம் 'டக்' என்றது, அங்கே மட்டும் 'பொத்'.

"என்னடா லிபார்தோ, சக்கரத்தைக் கொஞ்சுற? கல்யாணம் பண்ணிக்கப் போறியா?" என்றான் யெசித், வெல்லத் தண்ணீரை ஊதிக் குடித்துக்கொண்டே.

"பொண்ணு நல்லாத்தான் இருக்கு அண்ணே" என்றேன்.

"அப்ப சரியா?" என்று கேட்டார் எலியேசர்.

"சரி."

பிரேக் கட்டை அழுத்தி ரிம் சூடானால்தான் விரிசல் பிளக்கும்; ஏற்றத்தில் பிரேக் எதற்கு? உச்சியோடு என் வேலை முடிந்தது, அப்புறம் ஆமை மாதிரி இறங்கிக்கொள்ளலாம். இப்படித்தான் கணக்குப் போட்டேன். என் ஒருவன் உயிரை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு.

அப்படி ஒரு ஏறு ஏறினேன், என் வாழ்க்கையிலேயே அப்படி ஏறியதில்லை. ஒன்பதாவது ஆளாக உச்சியைத் தொட்டேன். அதுவரை என் பின்னாலேயே ஒட்டி வந்த யெசித் கடைசியில் என்னைத் தாண்டி முன்னே பாய்ந்தான். சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்தது.

உச்சி தாண்டி இருநூறு மீட்டரில் அவன் ஒரு காலை ஊன்றி நின்றுகொண்டிருந்தான். முன்டயர் பஞ்சர். எங்கள் கார் எங்கோ பின்னால், கூட்டத்தில் மாட்டியிருந்தது.

"லிபார்தோ! சக்கரம்!"

எங்கள் வழக்கத்தில் இதற்குக் கேள்வியே கிடையாது. தலைவன் டயர் போனால் பக்கத்தில் வருகிறவன் தன்னுடையதைக் கழற்றிக் கொடுப்பான். என் கை கழற்றியது, அவன் சைக்கிளில் மாட்டியது, திருகியது. எப்படியும் இருபது நொடி இருக்கும். 'விரிசல்' என்பது நாலெழுத்து வார்த்தை. சொல்லியிருந்தால் அவன் காருக்குக் காத்திருப்பான், பந்தயம் போயிருக்கும், காலையிலேயே உனக்குத் தெரியுமா என்று எல்லோரும் கேட்டிருப்பார்கள். நான் சொல்லவில்லை.

"மெதுவா இறங்கு அண்ணே" என்றேன்.

"மெதுவா இறங்கவாடா இவ்வளவு தூரம் ஏறினேன்?" சிரித்தான். "உன்னை மறக்க மாட்டேன்டா."

ஏழாவது வளைவில் கண்டோம். கார் வந்து, எலியேசர் எனக்கு வேறு சக்கரம் மாட்டி, நான் இறங்கிப் போனபோது அவன் பாறையடியில் கிடந்தான். பிரேக் சூட்டில் ரிம் அந்தத் துளைக்குப் பக்கத்திலேயே பிளந்திருந்தது. ஆம்புலன்ஸ் வரும்வரை அவன் இருக்கவில்லை.

அடக்கப் பூசையன்று கோயில் வாசலில் யெசித்தின் அம்மாவிடம் எலியேசர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

"என் தப்பும்மா. கண்ணு மங்கின அன்னிக்கே நான் வேலைய விட்டிருக்கணும்."

அந்த அம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை. என் கையைப் பிடித்து முன்வரிசைக்குக் கூட்டிப்போய்ப் பக்கத்தில் உட்கார வைத்தாள். பின்னால் யாரோ கிசுகிசுத்தார்கள்: "இவன்தான். தன் பந்தயத்தையே விட்டுட்டுச் சக்கரத்தக் கழட்டிக் குடுத்தவன்." பயிற்சியாளர் குனிந்து, "உன் பேரு லிஸ்ட்ல இருக்குப்பா" என்றார்.

"கடைசியா உங்கிட்டதான் பேசியிருக்கான்" என்றாள் அவன் அம்மா. "என்னய்யா சொன்னான்?"

எலியேசர் இன்னும் வாசலிலேயே நின்றிருந்தார். இந்தத் தடவை உண்மையைச் சொல்ல இருபது நொடி மட்டுமில்லை, பூசை முடியும்வரை நேரம் இருந்தது.

"உன்னை மறக்க மாட்டேன்னு சொன்னாரும்மா."

அவள் என் வலது கையை எடுத்து, அந்தக் கட்டைவிரலோடு சேர்த்து முத்தமிட்டாள். எலியேசர் தொப்பியைப் போட்டுக்கொண்டு, சுவரைத் தடவியபடி படியிறங்கிப் போனார். நான் கூப்பிடவில்லை.