குழாயைத் திறந்துவிட்டு

நாலு ஐம்பதுக்கு எழுந்திருக்கிறேன். அலாரம் வைப்பதில்லை. பல் தேய்த்து, குளித்து, ஐந்து இருபதுக்குள் குளியலறையை விட்டு வெளியே வந்துவிடுகிறேன். தரை ஈரத்தைத் தள்ளிவிடுகிறேன். வாளியை நிரப்பி வைக்கிறேன். கதவைப் பாதி திறந்து வைத்துவிட்டுப் பாலைக் காய்ச்சுகிறேன். ஒரு டம்ளர் காபி. அதன்பிறகு ஏழு மணிவரை அந்தப் பக்கம் போவதில்லை.

ஐந்தரையிலிருந்து ஏழுவரை நோராவின் நேரம். அந்த ஒன்றரை மணி நேரத்தில் நான்கு முறை போவாள். மோசமான நாட்களில் ஏழு முறை. ஜோகுபாளையத்தில் எங்கள் வாடகை வீட்டில் ஒரே குளியலறை, கழிப்பறையும் அதற்குள்தான். கல்யாணமாகி ஆறு மாதத்தில் நோய் வந்தது. அதோடு இந்த அட்டவணையும் வந்தது. அவள் இறந்து முப்பது நாள் ஆகிறது. நான் இன்னும் ஐந்து இருபதுக்கு வெளியே வந்துவிடுகிறேன்.

இன்று முப்பதாம் நாள் பூசை. வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு ஆட்டோவில் ஆஸ்டின் டவுன் போனேன்.

கோயில் வாசலில் மாமியார் குளோரியா நின்றிருந்தார். கையில் ஒரு கட்டு நினைவு அட்டைகள்.

"வாங்க ரெமி. கார்டு எப்படி வந்திருக்கு பாருங்க. போனவாட்டி நோரா டாடிக்குப் போட்டப்போ மூஞ்சி பச்சையா வந்துச்சு. இந்தத் தடவை கரெக்டா போட்டிருக்கான்."

முன்பக்கம் நோராவின் படம். பெயர், பிறந்த நாள், இறந்த நாள். வயது முப்பது. அதற்குக் கீழே சாய்ந்த எழுத்தில்: "இயேசுவே, என்னை ஏற்றுக்கொள்ளும்." அதற்கும் கீழே சிறிய எழுத்தில்: நோராவின் கடைசி வார்த்தைகள்.

"இதை யார் சொன்னது?" என்றேன்.

"எதை?"

"கடைசி வார்த்தை."

"வேற என்ன சொல்லியிருப்பா? நான் பெத்த பொண்ணு. எனக்குத் தெரியாதா?"

ஆபரேஷனுக்குக் கொண்டுபோகுமுன் ஒருவரைத்தான் உள்ளே விட்டார்கள். நான் போனேன். அதன்பிறகு அவள் கண் விழிக்கவில்லை. என்ன சொன்னாள் என்று இந்த முப்பது நாளில் யாரும் என்னிடம் கேட்கவில்லை.

அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். பிரசங்கத்தில் சாமியார் "திடீர் மாரடைப்பால் நம்மை விட்டுப் பிரிந்த சகோதரி" என்றார். அவர்மேல் தவறில்லை. வீட்டில் என்ன சொன்னார்களோ அதைச் சொன்னார்.

மாரடைப்பு இல்லை. நோராவுக்கு இருந்தது பெருங்குடல் அழற்சி. உடம்பின் காவல்படையே குடலைத் தாக்கும், உள்சுவர் முழுக்கப் புண்ணாகும், ரத்தம் போகும் என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார். ஏன் வருகிறது என்று முழுதாகத் தெரியாது. அடியோடு போகாது, ஆனால் அடக்கி வைக்கலாம். மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் வேலைக்குப் போகலாம், பிள்ளை பெறலாம், கிழவியாகலாம். அவர் சிரித்துக்கொண்டே சொன்ன வார்த்தை அது, கிழவியாகலாம்.

உறவில் யாருக்கும் இது புரியவில்லை. அல்சர் என்றார்கள். நேரத்துக்குச் சாப்பிடு, மோர் குடி என்றார்கள். வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொள் என்றார்கள். நோரா ஆறாம் வகுப்புக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தாள். பையில் எப்போதும் மாற்றுத் துணி இருக்கும். வெளியே எங்கே கிளம்பினாலும் முதல் கேள்வி வழியில் கழிப்பறை எங்கே என்பதுதான். நகரத்தின் கழிப்பறைகளை எல்லாம் போனில் பட்டியல் போட்டு வைத்திருந்தாள். சுத்தம். தாழ்ப்பாள் சரியில்லை. முறைப்பார்கள், ஆனால் விடுவார்கள். இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பு. அதைப் படித்துக் காட்டிச் சிரிப்பாள்.

போன கிறிஸ்துமஸுக்குப் பிறகு நோய் கூடியது. ஸ்டீராய்டு கொடுத்தார்கள். பத்தே நாளில் ரத்தம் நின்றது. முகம் மட்டும் உப்பி வட்டமானது. இந்த மாத்திரையைச் சட்டென்று நிறுத்தவே கூடாது, வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்கவேண்டும் என்று டாக்டர் தாளில் எழுதி, அடிக்கோடு போட்டுக் கொடுத்தார்.

அப்போதுதான் அவள் தங்கை ஜோவிதாவுக்குத் தங்கவயலிலிருந்து வரன் வந்தது. பெண் பார்க்க வரும் தேதி குறித்தாயிற்று. குளோரியா எங்கள் வீட்டுக்கு வந்து, நோராவின் கன்னத்தைப் பிடித்துப் பார்த்துச் சொன்னார்: "பூசணிக்கா மாதிரி இருக்கு. என்ன வியாதின்னு கேட்டா நான் என்னடி சொல்லுவேன்? அக்காவுக்கு இருந்தா தங்கச்சிக்கும் வரலாம்னு அந்த டாக்டர் வேற சொல்லித் தொலைச்சிருக்காரு. அவங்க வந்துட்டுப் போறவரைக்கும் அந்த மாத்திரைய நிறுத்து."

நோரா நிறுத்தினாள்.

மூன்று வாரத்தில் முகம் வற்றியது. கன்ன எலும்பு மறுபடி தெரிந்தது. மாத்திரை அட்டை குறையாமல் இருந்ததைப் பார்த்தேன். கேட்கவில்லை. கல்யாணத்தின்போது இருந்த முகம் திரும்பி வந்திருந்தது, அது எனக்குப் பிடித்திருந்தது. நான் மென்பொருளைச் சோதிப்பவன். தவறைக் கண்டால் அன்றே எழுதிவைத்துச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். இதைச் சொல்லவில்லை. பால்கனியில் அவளை நிற்கவைத்துப் போட்டோ எடுத்தேன்.

நினைவு அட்டையில் இருப்பது அந்தப் போட்டோதான்.

பூசை முடிந்து எல்லோரும் மாமியார் வீட்டுக்குப் போனோம். இரண்டு தெரு தள்ளி. பிரியாணி வந்திருந்தது. ஜோவிதாவுக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளையின் அம்மா மௌரீனும் வந்திருந்தார். நல்ல பெண்மணி, சத்தமாகப் பேசுவார்.

"இந்த வயசுல ஹார்ட்னா நம்பவே முடியல ரெமி. எங்க பக்கத்துலயும் ஒரு பையன், ஜிம்முக்குப் போயிட்டு வந்து பொத்துனு விழுந்துட்டான். ஏன் வெறும் சோத்தைச் சாப்பிடறீங்க? பீஸெல்லாம் அடியில ஒளிஞ்சிருக்கு, தோண்டுங்க. கூச்சப்பட்டா எலும்புதான் கிடைக்கும்."

தட்டை வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். குளியலறை உள்பக்கம் தாழிட்டிருந்தது. குழாய் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. வாளி நிரம்பி வழியும் சத்தம் கேட்டது. வழிந்த பிறகும் குழாய் நிற்கவில்லை.

வாளியை நிரப்புவதற்காகத் திறந்த குழாய் இல்லை அது. வேறு சத்தம் வெளியே கேட்காமல் இருக்கத் திறந்தது. மூன்று வருடம் அந்தச் சத்தத்துக்கு வெளியே உட்கார்ந்து காபி குடித்திருக்கிறேன்.

ஐந்து நிமிடம் கழித்துக் குழாய் நின்றது. ஜோவிதா வெளியே வந்தாள். உதடு வெளுத்திருந்தது.

"என்ன மாமா, க்யூல நிக்கிறீங்களா? போங்க, காலி."

"காலைல இருந்து எத்தனாவது தடவை?"

"என்னது? ஐயோ, நேத்து பானிபூரி சாப்பிட்டேன் மாமா."

"ரத்தம் போகுதா?"

அவள் ஹால் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே மௌரீன் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை நாளா?"

"அக்கா போறதுக்கு முன்னாடியே." குரலைத் தாழ்த்தினாள். "மம்மிக்குத் தெரியும். பைல்ஸா இருக்கும், சீரகத் தண்ணி குடின்னாங்க. ப்ளீஸ் மாமா. அவங்க வந்திருக்காங்க. இன்னைக்கு எதுவும் பேசாதீங்க."

சமையலறைக்குப் போனேன். குளோரியா தயிர்ப் பச்சடியைக் கிண்ணங்களில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அத்தை, ஜோவிதாவை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். சனிக்கிழமை ரெண்டு மணிவரைக்கும் இருப்பார்."

அவர் கரண்டியை வைக்கவில்லை. "இன்னைக்கா? வீடு நிறைய ஆள் இருக்கு. உடம்புச் சூடு, வேற ஒண்ணுமில்ல. சும்னே அவளப் பயமுறுத்தாதீங்க. மண்டே போலாம்."

மண்டே.

வெள்ளிக்கிழமை இரவு சாப்பாட்டின்போது நோரா சொன்னாள், காய்ச்சலடிக்கிறது, வயிறு கல் மாதிரி இருக்கிறது என்று. ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஆபீஸில் முக்கியமான வேலை இருந்தது. திங்கட்கிழமை போகலாம் என்றேன். ஞாயிறு மதியம் ஆம்புலன்ஸில் போனோம். குடல் ஊதிப்போய்க் கிழிந்திருக்கிறது, விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். வியாழக்கிழமை முடிந்துவிட்டது.

"நானும் மண்டேன்னுதான் சொன்னேன்!" என்றேன். கத்தினேன் போலிருக்கிறது. ஹாலில் பேச்சு நின்றது.

"மெதுவா. மெதுவா பேசுங்க ரெமி."

"எதுக்கு மெதுவா? அவ மெதுவாத்தான் பேசினா. குழாயைத் திறந்து விட்டுட்டுத்தான் அழுதா. இப்ப இவளும் திறந்து விட்டிருக்கா. இந்த வீட்டுல ஒரு பொண்ணு கக்கூஸ் போற சத்தம்கூட வெளிய கேக்கக் கூடாது, இல்ல?"

ஹாலுக்கு வந்தேன். பதினைந்து பேர் இருக்கும். கையில் தட்டு, பக்கத்தில் அட்டை. என் பையிலிருந்த அட்டையை எடுத்தேன்.

"நோராவுக்கு ஹார்ட் அட்டாக் வரல. குடல்ல நோய் இருந்தது. மூணு வருஷம் அதோட இருந்தா, வேலைக்குப் போனா, நல்லாத்தான் இருந்தா. இன்னும் முப்பது வருஷம் இருந்திருப்பா. முகம் வீங்கியிருக்குன்னு மாத்திரைய நிறுத்தச் சொன்னாங்க. நிறுத்தினா. அதனாலதான் செத்தா. இந்தப் போட்டோல அழகா இருக்கான்னு எல்லாரும் சொல்றீங்க. மருந்து உடம்புல இல்லாத மூஞ்சி இது."

"நீ என்ன பண்ணிட்டு இருந்த?" குளோரியா பின்னாலேயே வந்துவிட்டார். கையில் கரண்டி. "கூடவே இருந்தியே! நீ பாக்கலையா? நான் சொன்னா, நீ சாப்பிடுடின்னு சொல்ல வேண்டியதுதானே? புருஷன்தானே நீ?"

"பாத்தேன். இந்தப் போட்டோவ எடுத்தவனே நான்தான்."

அவர் அதை எதிர்பார்க்கவில்லை. கரண்டியிலிருந்து தயிர் தரையில் சொட்டியது. அவரை அடிக்கவேண்டும்போல் இருந்தது. அவர் என்னை அடித்தாலும் பரவாயில்லை என்றும் இருந்தது.

மௌரீன் தட்டைக் கீழே வைத்தார். "தொத்துமா?" என்று கேட்டார்.

"தொத்தாது. சாப்பிடுங்க."

"இல்ல, கல்யாணத்துக்கு அப்புறம், குழந்தைங்களுக்கு…"

"அதெல்லாம் டாக்டர்கிட்ட கேளுங்க. ஜோவிதாவுக்கு என்னன்னே இன்னும் யாருக்கும் தெரியாது. பார்த்தாத்தான் தெரியும். பார்க்க விடமாட்டேங்கறாங்க."

ஜோவிதாவின் பெயரை அப்படிச் சபையில் போட்டு உடைத்திருக்கக் கூடாது. அவள் கெஞ்சிக் கேட்டிருந்தாள். உடைத்துவிட்டேன். அவள் சுவரோடு நின்றிருந்தாள். யாரையும் பார்க்கவில்லை. பிறகு அறைக்குள் போனாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். தோள்பையோடு வெளியே வந்தாள்.

"மணி ஒண்ணு அஞ்சு, மாமா. ஆட்டோ கிடைக்குமா?"

"ஜோவி, இப்ப வாசலைத் தாண்டினே…" குளோரியா ஆரம்பித்தார்.

"என்ன மம்மி? எனக்கும் கார்டு அடிப்பீங்களா?"

குளோரியா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். நாங்கள் படி இறங்கினோம்.

ஆட்டோவில் அவள் ஓரமாக ஒதுங்கி உட்கார்ந்தாள். என்மேல் கோபமாக இருந்தாள். அது நியாயம். ரிச்மண்ட் ரோடு சிக்னலில் வண்டிகள் நகரவில்லை. அவள் கைப்பிடிக் கம்பியை இறுக்கிப் பிடித்தாள். விரல்கள் வெளுத்தன. அது என்ன பிடி என்று எனக்குத் தெரியும். நோராவின் போன் என் பையில்தான் இருக்கிறது, தினமும் சார்ஜ் போட்டு வைக்கிறேன். பட்டியலைத் திறந்தேன். இருநூறு அடியில் ஒரு பெட்ரோல் பங்க். பெண்கள் பக்கம் சுத்தம், சாவி கேட்கவேண்டாம், பேப்பர் இருக்காது.

"ஸ்வல்ப லெஃப்ட்டல்லி நில்சி" என்று டிரைவரிடம் கன்னடத்தில் சொன்னேன். இடதுபக்கம் ஓரமாக நிறுத்தினார். கைக்குட்டையை ஜோவிதாவிடம் கொடுத்தேன். அவள் இறங்கி ஓடினாள்.

கதவுக்குச் சற்றுத் தள்ளி நின்றேன். இங்கே குழாய் ஓடவில்லை. தண்ணீர் வரவில்லையோ, அவள் திறக்கவில்லையோ.

வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இதெல்லாம் அக்கா எழுதி வச்சதா?"

"ம்."

"நானும் செத்துடுவேனா மாமா?"

"மாட்டே. என்னன்னு பார்ப்பாங்க. அதுவா இருந்தா மாத்திரை கொடுப்பாங்க. நீ சாப்பிடுவே. நிறுத்தினா நான் வந்து கத்துவேன்."

"கத்துவீங்க. அதான் பார்த்தேனே." சிரிப்பு வரவில்லை, ஆனாலும் முயற்சி செய்தாள். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகு கேட்டாள்: "கார்டுல போட்டிருக்கே. அக்கா நெஜமாவே அப்படிச் சொன்னாளா?"

"இல்ல."

"பின்ன?"

சொன்னேன். முப்பது நாளில் முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன்.

ஞாயிறு மாலை அவளைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்திருந்தார்கள். மூக்கில் குழாய், கையில் குழாய், சிறுநீருக்குக் குழாய். எழுந்திருக்கவே முடியாது, எழுந்திருக்கவேண்டிய தேவையும் இல்லை. என்னைப் பார்த்ததும் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். குனிந்தேன். இயேசுவைக் கூப்பிடவில்லை. என் பெயரையும் சொல்லவில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும், எந்த ஹோட்டலுக்குள் நுழைந்தாலும் கேட்பாளே, அதையேதான், அதே அவசரத்தோடு, பக்கத்தில் நின்ற நர்ஸுக்குக் கேட்காதபடி மெதுவாகக் கேட்டாள்:

"பாத்ரூம்ல யாராவது இருக்காங்களா, பாரு."