அக்காவின் நடைப்பயிற்சி

தங்கைக்குத் துணையாக டாக்டர் அறைக்கு வந்த தையல்காரிக்கு முள்மேல் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் இதே மாதிரி ஓர் அறையில்தான் அவளுடைய குட்டு உடைந்தது. நல்லவேளை, அது வீட்டுக்காரரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அவர் வாயைத் திறக்க மாட்டார்.

சொந்தபந்தத்துக்குத் தெரிந்த கதை வேறு. பெரியவள் தினமும் நடந்தாள், மூன்றே மாதத்தில் பன்னிரண்டு கிலோ இளைத்தாள்! உண்மையில் அம்மணி நடக்கவே இல்லை, பட்டினி கிடந்தாள். உடம்பு இளைத்த வேகத்தில் பித்தப்பையில் கல் சேர்ந்தது. தையல் பயிற்சிக்குப் போயிருப்பதாக ஊருக்குச் சொல்லவைத்துவிட்டுப் பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பித்தப்பையையே அகற்றிவிட்டு வந்தாள். திரும்பியபோது எல்லோரும் அவள் இடுப்பைத்தான் பார்த்தார்கள். அத்தனை பாராட்டையும் கூசாமல் வாங்கிக்கொண்டாள்.

"கேஸ் டிரபிள்தான் டாக்டர்" என்றாள் தங்கை, வலது விலாவுக்குக் கீழே அழுத்திப் பிடித்தபடி. "சாப்பிட்டா சுருக்குன்னு பிடிக்குது. முதுகு வரைக்கும் போகுது."

"வயசு?"

"நாப்பத்திரண்டு. மூணு பிள்ளைங்க."

"சமீபத்துல வெயிட் வேகமா குறைஞ்சுதா?"

"சேச்சே! தினம் நடக்கறேன், அவ்வளவுதான். எங்க அக்கா மாதிரி."

தையல்காரிக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவளுடைய பொய்யேதான், ஒரு நூல் பிசகாமல். ஒன்றரை மாதத்தில் இவள் சட்டைகளை இரண்டு முறை பிடித்துத் தைத்தது யார்? நாலு அங்குலம்! நடந்தால் நாலு அங்குலமா குறையும்?

"அம்மா, கூடப்பிறந்தவங்க யாருக்காவது பித்தப்பையில கல் இருந்திருக்கா?"

"எங்க வம்சத்துலயே கிடையாது."

டாக்டர் பேனாவை எடுத்தார். "கேஸுக்கு மாத்திரை தரேன். ரெண்டு வாரம் பாப்போம்."

தையல்காரியும் அப்படித்தான் பார்ப்போம் பார்ப்போம் என்று தள்ளிப்போட்டாள். கடைசியில் கண் மஞ்சளாகி, காய்ச்சலில் பிதற்றியவளை வீட்டுக்காரர் அள்ளிக்கொண்டு ஓடினார். தங்கைக்கும் அப்படி ஆகிவிட்டால்? மானம் போனால் போகிறது.

"எழுதாதீங்க டாக்டர். எனக்குப் பித்தப்பையையே எடுத்தாச்சு. இவளும் பட்டினிதான் கிடக்கறா. என் டேப்புக்குத் தெரியும்."

தங்கை வாயைப் பிளந்தாள். "அப்போ நீ நடந்தது?"

"நடந்தேன்டி. ஆபரேஷன் தியேட்டர் வரைக்கும்."

ஸ்கேனில் இரண்டு கல் தெரிந்தது. சர்ஜனுக்குச் சீட்டு எழுதிய டாக்டர், "வேளாவேளைக்குச் சாப்பிடுங்க. நாப்பதைத் தாண்டின வயசு, மூணு பிரசவம், பட்டினி, போதாததுக்கு அக்கா வேற! அம்மாவுக்கும் இருந்துதான்னு கேட்டுட்டு வாங்க" என்றார்.

வெளியே வராந்தாவில் தங்கை பொரிந்து தள்ளினாள். "உன்னைப் பாத்துத்தானே பாவி, வாயைக் கட்டினேன்! ரெண்டு மாசமா வெள்ளரிக்காயைத் தின்னு உயிரை விட்டேன்!"

"திட்டு, நல்லாத் திட்டு. முதல்ல அம்மாவைக் கூப்பிடு."

தங்கை ஸ்பீக்கரில் போட்டாள். அம்மா ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்காதவள், அதில் அவளுக்கு அபாரப் பெருமை. கேள்வியைக் கேட்டதும் குரலைத் தாழ்த்தினாள்.

"உங்க அக்கா பக்கத்துல இருக்காளா?"

"இருக்காம்மா."

"ஸ்பீக்கரை அணைச்சுட்டு நீ மட்டும் கேளு."

தையல்காரி போனைப் பிடுங்கினாள்.

"பரவாயில்லம்மா, சொல்லு. நீ எங்க போறதா அப்பாகிட்ட சொல்லிட்டுப் போனே?"