பச்சைத் தலை ஓணான்கள்

பொங்கல் விடுமுறை முடிந்து சுஃபியா குன்றுக்கு வந்தபோது முதலில் கண்ணில் பட்ட பாறை ஓணானுக்குத் தலை பச்சையாக இருந்தது. பாறை ஓணான் பருவத்தில் சிவக்கும், கறுக்கும். பச்சையாகி அவள் பார்த்ததில்லை. அடுத்த பாறையிலும் ஒரு பச்சைத் தலை. அதற்கு மேலே நீலத் தலையோடு ஒன்று தண்டால் எடுத்துக்கொண்டிருந்தது.

ஸ்கூட்டிக்கு ஸ்டாண்ட் போடாமலே இறங்கிவிட்டாள். அது சாய்ந்து விழுந்தது.

நாகமலை புதுக்கோட்டைக்கு மேற்கே, வயலுக்கு நடுவில் தனியாக நிற்கும் இந்தக் குன்றில் எத்தனை ஓணான் வாழ்கின்றன என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. காஜிமார் தெருவில் அவள் அத்தா இன்னும் யாரிடமும் இதை முழுசாகச் சொல்லவில்லை. "மகள் சயின்ஸ் படிக்கிறா" என்பதோடு நிறுத்திக்கொள்வார். வழிமுறை எளிமையானது. முதலில் கிடைத்த வரை ஓணான்களைச் சுருக்குப் போட்டுப் பிடித்து, முதுகில் நெயில் பாலிஷால் வெள்ளைப் புள்ளி வைத்து விட்டுவிட வேண்டும். கொஞ்ச நாள் கழித்து வந்து எண்ண வேண்டும். பார்த்தவற்றில் எத்தனைக்குப் புள்ளி இருக்கிறது என்று தெரிந்தால் குன்றில் மொத்தம் எத்தனை என்று கணக்கிட்டுவிடலாம். ஓணான் தோலை உரித்தால் புள்ளியும் போய்விடும். அதற்குள் எண்ணி முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் ஒரு வருட உழைப்பு பாறையிலேயே கிடக்கும்.

நேராக உக்கிரபாண்டி வீட்டுக்குப் போனாள். குன்றடியில் தோட்டம் வைத்திருப்பவர், ஜல்லிக்கட்டுக் காளை வளர்ப்பவர். அவருடைய காளையின் கொம்பும் அதே பச்சையில் மின்னியது.

"அண்ணே, ஓணானுக்கு யாருண்ணே பெயிண்ட் அடிச்சது?"

"நாந்தேன்!" என்றார் முகமெல்லாம் சிரிப்பாக. "மாட்டுப் பொங்கலன்னைக்கு ஊர்ல ஆடு மாடுன்னு எல்லா உருப்படியும் சோடிச்சு நிக்குது. ஒன் உருப்படி மட்டும் வெறும் மண்டையோட திரிஞ்சா ஊருக்குத்தானே கேவலம்? நீயும் லீவுல போயிட்ட."

"என் உருப்படியா?"

"நீதானே அடையாளம் வச்ச. அடையாளம் வச்சவுகதேன் சொந்தக்காரவுக."

உள்ளேயிருந்து அவர் மனைவி முத்துத்தாய் குரல் கொடுத்தாள். "பொங்கப் பானைய எறக்கக் கூப்பிட்டா ஆளக் காணோம். பாறை பாறையாக் குப்புறக் கெடக்காரு, ஓணானுக்கு மேக்கப் போட!"

சுஃபியாவுக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. "புள்ளி இல்லாததுக்கும் அடிச்சீங்களாண்ணே?"

"அட, அத எப்படித் தொடுவேன்? அது யாரு உருப்படியோ!"

அவளுக்கு மூச்சு வந்தது. பச்சை என்றால் அவள் புள்ளி வைத்தது. அப்படியானால் கணக்கு தப்பவில்லை.

"அப்ப நீலம்?"

உக்கிரபாண்டியின் முகம் சுருங்கியது. "அது பக்கத்துத் தோட்டத்து வெள்ளைத்துரை பய வேலை. நான் அடிக்கிறதப் பாத்துட்டு, புள்ளி இல்லாததுல நாலஞ்சப் பிடிச்சு நீலத்த அடிச்சு, தன்னுதுன்னு சொல்லிக்கிட்டுத் திரியிறான்."

வழிகாட்டிப் பேராசிரியர் கனகலட்சுமிக்குப் போன் போட்டாள். அவர் பாதியிலேயே சிரிக்கத் தொடங்கி, பிறகு சட்டென்று நிறுத்தினார்.

"சுஃபியா, பச்சை மண்டை தூரத்துலயே தெரியும். புள்ளி இல்லாதது பாறையோட பாறையாக் கிடக்கும். நீ பாக்கறதெல்லாம் பச்சையாவே இருக்கும். நூறு இருக்கிற குன்றுல முப்பதுன்னு கணக்கு வரும். நிறம் கண்ணுக்குத் தெரியாம எண்ண முடியும்னா எண்ணு. இல்லன்னா விட்டுரு."

அன்று முழுவதும் சுஃபியா யோசித்தாள். மறுநாள் குன்றை வரிசையாகப் பகுதி பிரித்து, ஒவ்வொரு பாறையையும் ஒரே தூரத்திலிருந்து படம் எடுத்தாள். எல்லாவற்றையும் கணினியில் கறுப்பு வெள்ளையாக மாற்றினாள். பச்சையும் நீலமும் பாறையின் நிறத்தில் கலந்து மறைந்தன. இனி யாராவது இதில் ஓணானைத் தேட வேண்டும். தேடி முடித்த பிறகுதான் நிறப்படத்தைத் திறக்க வேண்டும். தேடுபவர் அவளாக இருக்கக் கூடாது. எது எங்கே கிடக்கும் என்று அவளுக்குப் பாதி மனப்பாடம்.

உக்கிரபாண்டியையும் வெள்ளைத்துரையையும் கூப்பிட்டாள். இருவரும் மடிக்கணினிக்கு முன்னால் தோளை இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"இந்தா, வெடிப்புக்குள்ள ஒண்ணு. என்னுதுதேன்," என்றார் வெள்ளைத்துரை.

"மாப்ள, அது குச்சி."

"குச்சி தலையத் தூக்கிப் பாக்குமாக்கும்?"

"சண்டை வேணாம்ணே, வட்டம் போடுங்க," என்றாள் சுஃபியா.

முத்துத்தாய் காபி வைத்துவிட்டு, இரண்டு பேரும் கவனிக்காமல் விட்ட ஓணான் ஒன்றை நின்றவாக்கில் சுட்டிக் காட்டிவிட்டுப் போனாள். சாயங்காலம் படங்கள் தீர்ந்தன. சுஃபியா நிறத்தைத் திறந்தாள். உக்கிரபாண்டி ஆசை ஆசையாக வட்டம் போட்ட கொழுத்த ஓணான் நீலமாக இருந்தது. வெள்ளைத்துரை விசிலடித்தார். ஆனால் பச்சையும் நீலமும் சேர்ந்தே கொஞ்சந்தான்; வட்டங்களில் பெரும்பாலானவற்றுக்குள் நிறமே இல்லாத, யாரும் தொடாத ஓணான்கள்.

"இம்புட்டும் யாருதுத்தா?" என்றார் உக்கிரபாண்டி மெதுவாக.

"யாருதும் இல்லண்ணே. அப்படியே இருக்கட்டும். அடுத்த வருஷம் எதையும் தொடக் கூடாது, என்னுதையும் சேத்துத்தான்."

கணக்கைப் பேராசிரியருக்கு அனுப்பினாள். பதில் உடனே வந்தது: 'கணக்கு நிற்கும். தேடியவர்களுக்கு ஆய்வேட்டில் நன்றி சொல்லிவிடு.' அதை வாசித்துக் காட்டியது தவறாகப் போயிற்று.

"யாரு பேரு முதல்ல?" என்றார் வெள்ளைத்துரை.

"அகர வரிசைதாண்ணே. உக்கிரபாண்டி அண்ணன் முதல்ல."

உக்கிரபாண்டி மீசையைத் தடவிக்கொண்டார்.

"அப்படியா? எங்கய்யா பேரச் சேத்துப் போடு. அய்யனார் மகன் வெள்ளைத்துரைன்னு."

"அடேய், அவரு ஓணானத் தேடுனாரா?"

"பேரு எழுதுறப்ப அப்பன் பேரு வராதா? ஒனக்கு வேணும்னா ஒங்கய்யா பேரப் போட்டுக்க."

உக்கிரபாண்டியின் கை மீசையிலிருந்து இறங்கியது. அவருடைய அய்யா பேர் விருமாண்டி.

"முத்துத்தாய் அக்கா பேரும் வரணும்," என்று சொல்லிவிட்டு சுஃபியா மடிக்கணினியை மூடினாள்.