ஆறாவது வரி காலி

1

இந்தக் கதை ஒரு பேனரிலிருந்து வந்தது. அந்த பேனரை அடித்தவன் நான்தான்.

இர்பித் என்கிற அரபு நகரத்தில், பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் பதினாறு வருஷமாக வேலை பார்க்கிறேன். பள்ளி இறுதித் தேர்வு முடிவு வந்த அன்று டைல்ஸ் கடை அபூ சுஹைப் வந்து, ‘இன்ஜினியர் பயானுக்கு வாழ்த்துகள்’ என்று நாலு மீட்டருக்கு அடிக்கச் சொன்னார். அவர் மகள் பயான் அப்போது எந்தக் கல்லூரிக்கும் விண்ணப்பமே போட்டிருக்கவில்லை. (நான் கேட்டிருக்கலாம். பேனர் அடிக்கிறவன் கேள்வி கேட்டால் கடை நடக்காது.)

2

கதையை முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

பயானின் கண்களில் ஒரு கனவு—

கோடு போட்டு அடித்துவிட்டேன். அடையாள அட்டைக்கு எத்தனையோ பிள்ளைகளைப் படம் பிடித்திருக்கிறேன். யார் கண்ணிலும் கனவு தெரிந்ததில்லை, தூக்கம்தான் தெரியும்.

அடுத்தது:

சிவில் இன்ஜினியரிங்கில் சேர்ந்த மூன்றாம் நாளே, அதை விட்டு ஓடுவதற்குப் பயான் பாடங்களைப் பொறுக்கியெடுக்க ஆரம்பித்தாள்.

இது பரவாயில்லை. அவளுக்கு வேண்டியது தொல்லியல். முதல் செமஸ்டருக்கு ஆறு பாடம் எடுக்கலாம். அரபி, ஆங்கிலம், கணினி, நாட்டுக் கல்வி, இராணுவ அறிவியல் என்று ஐந்தை எழுதினாள். எந்தத் துறைக்கு ஓடினாலும் இவை கூடவே வரும். ஊரை விட்டுப் போகிறவள் பெட்டி கட்டுகிற மாதிரிதான். ஆறாவதாகத் தொல்லியல் அறிமுகம்.

3

துறை ஆலோசகர் டாக்டர் நாயிஃப் பட்டியலைப் பார்த்தார்.

“கணக்கு எங்கம்மா?”

“அடுத்த செமஸ்டர் எடுக்கலாம்னு, டாக்டர்.”

“ஓடப் போற, அதானே? ஓடு, நான் யாரு தடுக்க? ஆனா இங்கேர்ந்து வேற துறைக்குப் போகணும்னா முதல் செமஸ்டர் கணக்குல எண்பது வாங்கணும்.”

“எண்பது வாங்கினா எங்கப்பா விட மாட்டாரே, டாக்டர்.”

“வாங்கலேன்னா நாங்க விட மாட்டோம்.”

தொல்லியல் இருந்த ஆறாவது வரியைக் கோடு போட்டு அடித்தார். “இதுல எதப் போடறதுன்னு நீயே முடிவு பண்ணு” என்று கையெழுத்துப் போட்டார்.

[இந்த இடத்தில் கதை எனக்கே நம்பும்படியாக இல்லை. கொஞ்சம் புத்தியுள்ள பல்கலைக்கழக விதியாக ஒன்றை யோசித்துப் பார்த்தேன். புத்தியுள்ளதாக ஆனதும் அது விதி மாதிரியே இல்லை.]

4

பாடப் பதிவு மதியம் இரண்டு மணிக்கு மூடும். ஒன்றரைக்குப் பயான் எங்கள் கடைக் கம்ப்யூட்டரில் ஐந்து வரியை நிரப்பிவிட்டு, ஆறாவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்போது அபூ சுஹைப் ஏதோ நகலெடுக்க உள்ளே வந்தார்.

“ஏ ஹிந்தி, நம்ம இன்ஜினியரம்மாவுக்கு டீ குடுத்தியா?”

(இந்தியன் என்றால் இங்கே ‘ஹிந்தி’தான். நான் தமிழன் என்று விளக்குவதைப் பத்து வருஷத்துக்கு முன்பே விட்டுவிட்டேன்.)

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மகள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

“அரபி… இராணுவம்… இதுல எந்தப் பாடம்மா பாலம் கட்டும்?”

“முதல்ல எல்லாருக்கும் பொதுப் பாடந்தான், யாபா.”

“அந்தக் கடைசி வரி ஏன் காலியா கெடக்கு?”

“கணக்கா, தொல்லியலான்னு யோசிக்கிறேன்.”

அவர் சிரித்தார். “மண்ணு தோண்டறதுக்கா? கட்டடத்துக்கும் மண்ணத்தாம்மா தோண்டறாங்க. தோண்டிட்டு மேல ஏதாவது கட்டு, அவ்வளவுதானே!”

“நீங்க கட்டினதத்தான் யாபா நாங்க தோண்டுவோம்.”

“நாங்களா?” அவர் சிரிப்பு நின்றது. “எப்பலேர்ந்து இந்த ‘நாங்க’?”

பயான் மவுஸை ஆறாவது வரிக்கு நகர்த்தினாள்.

அபூ சுஹைப் மேசையில் ஓங்கி ஒரு குத்து—

இல்லை, குத்தவில்லை. அவரை வில்லனாக்கினால் கதை சுலபமாக முடிந்துவிடும் என்று பார்த்தேன். என்னை ஒருநாளும் டீ குடிக்காமல் அனுப்பாத மனிதர் அதற்கு ஒத்துவரவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே என்னிடம் கேட்டார்:

“ஹிந்தி, நம்ம டைல்ஸ் கடை வாசல்ல மாட்டியிருக்கே, அந்த பேனர். கழட்டினா சுவத்துல அடையாளம் தெரியுமா?”

“தெரியும், அபூ சுஹைப்.”

“ஊருக்கே தெரியுமா?”

“அந்தத் தெருவுக்குத் தெரியும்.”

தலையை ஆட்டிவிட்டு சிகரெட் பிடிக்க வெளியே போனார். கொண்டுவந்த காகிதத்தை நகலெடுக்கவே இல்லை.

5

எழுதிப் பார்த்த முடிவுகள்:

கணக்கு எடுக்கிறாள். எண்பத்தாறு. அபூ சுஹைப் கடைக்கு ஓடி வருகிறார், இந்தத் தடவை ஆறு மீட்டர்.

கணக்கு எடுக்கிறாள். எழுபத்தொன்பது. இன்ஜினியராகி, வாழ்நாள் முழுக்க எழுபத்தொன்பது மார்க் பாலங்களாகக் கட்டுகிறாள். அவற்றின் மேல் நீங்களும் நானும்தான் போக வேண்டும்.

தொல்லியல் எடுக்கிறாள். வகுப்பிலேயே முதல் மார்க். கணக்கு மார்க் இல்லாததால்—

போதும். மணி ஒன்று ஐம்பத்தேழு.

என்னிடம் முடிவு கேட்காதீர்கள். அந்தப் பெண்ணின் பெயருக்கு முன்னால், அவளைக் கேட்காமல், நாலு மீட்டரில் ஒரு சொல் அடித்தவன் நான். இன்னொரு தடவை மாட்டேன். இந்தக் கதையை எழுதிக்கொண்டிருந்த கீபோர்டை அவள் பக்கம் தள்ளி வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

நீங்களும் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். திரையில் நிழல் விழுகிறது.